வலியறிதலும் குறைகாத்தலும்: 1996 உலகக் கிண்ண வெற்றியின் வரலாறு

போட்டியிற் புகுவோர் எவரும் எக்காலத்தும் எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. தம்மிடத்துள்ள ஆற்றலை முற்படுத்தி, அதனையே துணையாகக் கொண்டு பொருதல் நன்றா? அன்றி, தம்மிடத்துள்ள குறைகளை முதற்கண் அடைத்து, தோல்விக்கு வழிவிடாது நின்று பொருதல் நன்றா? முன்னது துணிவின் நெறி. பின்னது காப்பின் நெறி. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையானவை என்றே பெரும்பாலோர் கருதுவர். துணிந்தவன் காப்பை மறப்பான் என்றும், காப்பை நாடுபவன் துணிவை இழப்பான் என்றும் பொதுவாகக் கூறப்படும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் 48, 49, 50 ஆகிய எண்களுடன் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. வலியை அறிதல் என்புழி வள்ளுவர் தன் வலியை மட்டும் குறித்தாரல்லர். மேற்கொள்ளும் வினையின் வலியையும் மாற்றானது வலியையும் துணையாவாரது வலியையும் சேர்த்தே குறித்தார். அவ்வலி செல்லுபடியாவதற்கு ஏற்ற காலமும் இடமும் வேண்டுமென்பதை அடுத்த ஈரதிகாரங்களும் வற்புறுத்துகின்றன. அரசர்க்கு உரைக்கப்பட்ட இம்முறை ஆட்டக்களத்திற்கும் முற்றும் பொருந்துவதாகும். இதற்குச் சான்று தேடித் தொலைநாடு செல்லவேண்டுவதில்லை. 1996ஆம் ஆண்டிலே கிறிக்கெற் உலகக் கிண்ணத்தை இலங்கை அணி வென்ற வரலாறே தக்க சான்றாகும்.

அவ்வரலாற்றை உணர்வதற்கு இலங்கைக் கிறிக்கெற்றின் இயல்பினை முதலிற் கருதுதல் வேண்டும். இத்தீவு நெடுங்காலமாகவே துடுப்பாட்டத்தில் வல்லாரைத் தோற்றுவித்து வந்துள்ளது. தமிழ் யூனியன் கழகத்தைச் சேர்ந்த மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் பெற்றமை பழையோர் நாவில் நெடுநாள் வழங்கியது. பாடசாலைக் கிறிக்கெற்றின் செழிப்பும், பந்து மெல்ல எழும் காய்ந்த ஆடுகளங்களும் துடுப்பாட்டத்தையும் சுழற்பந்தையும் வளர்த்தன. ஆயின் அதே களங்கள் வேகப்பந்து வீச்சாளர் தோன்றுதற்கு இடந்தரவில்லை. எனவே வலியும் குறையும் ஒரே மண்ணில், ஒரே காரணத்தாற் பிறந்தன எனலாம்.

முதலாவது உலகக் கிண்ணப் போட்டியிலேயே இவ்வியல்பு வெளிப்பட்டது. 1975 யூன் மாதம் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியா 5 விக்கெற்றுகளை மட்டும் இழந்து 328 ஓட்டங்களைக் குவித்தது. அதனைத் தடுக்கும் பந்துவீச்சு இலங்கையிடம் இருக்கவில்லை. பதிலுக்கு ஆடிய இலங்கையர், ஜெவ் தொம்சனின் கடும் வேகத்திற்கு ஈடுகொடுத்து, 4 விக்கெற்றுகளுக்கு 276 ஓட்டங்கள் பெற்றனர். சுனில் வெத்தமுனியும் துலீப் மென்டிசும் தொம்சனின் பந்துகளாற் காயமுற்றுக் களத்தை விட்டு நீங்கினர். அத்தோல்வியிலும் அவர்களது துடுப்பாட்டத்தின் உறுதி புலப்பட்டது.

1981இல் இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கெதிராக முதலாவது ரெஸ்ற் ஆட்டம் நடைபெற்றது. எனினும் 1975 முதல் 1992 வரை நடந்த ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளிலும் இலங்கை பெற்ற வெற்றிகள் நான்கே. அவற்றுள் ஒன்று ஈண்டு சிறப்பாகக் கருதத்தக்கது. 1992 பெப்ரவரி 23இல் நியூசிலாந்தின் நியூ பிளைமவுத் நகரிற் சிம்பாப்வே அணி 4 விக்கெற்றுகளுக்கு 312 ஓட்டங்கள் பெற்றது. இலங்கையர் 7 விக்கெற்றுகளை இழந்து 313 ஓட்டங்களைப் பெற்று வென்றனர். ஒருநாள் ஆட்டங்களில் முந்நூற்றுக்கு மேற்பட்ட இலக்கொன்று எட்டப்பட்டது அதுவே முதன்முறை. அன்று ஆட்டமிழக்காது 88 ஓட்டங்கள் பெற்றவர் அர்ஜுன ரணதுங்க. முந்நூறு ஓட்டங்களை விட்டுக்கொடுக்கும் பந்துவீச்சும், முந்நூறு ஓட்டங்களைத் துரத்திப் பிடிக்கும் துடுப்பாட்டமும் ஒரே நாளில் ஒரே அணியிடம் காணப்பட்டன. அணியின் வலியும் குறையும் இதனினும் தெளிவாக வெளிப்படல் அரிது.

குறையைத் தீர்ப்பதென்றால் வேகப்பந்து வீச்சாளரைத் தேடியிருத்தல் வேண்டும். சமிந்த வாஸ் என்னும் இளைஞர் 1995 மார்ச்சில் நியூசிலாந்தின் நேப்பியர் நகரிற் பத்து விக்கெற்றுகளை வீழ்த்தி, வெளிநாட்டில் இலங்கையின் முதலாவது ரெஸ்ற் வெற்றிக்கு வழிசெய்தார் என்பது உண்மையே. ஆயினும் ஒருவரைக் கொண்டு ஒரு மரபைத் தோற்றுவித்தல் இயலாது. ஆதலின் ரணதுங்கவும், 1995இற் பயிற்றுநராக வந்த கொழும்பிற் பிறந்த டேவ் வட்மோரும் வேறு வழியை நாடினர். குறையை மாற்றமுடியாவிடின் அது வெளிப்படாதவாறு ஆட்டத்தை அமைத்தல் வேண்டும் என்பதே அவ்வழி. 1975இற் காயமுற்ற துலீப் மென்டிஸ் அவ்வணியின் முகாமையாளராய் இருந்தமையும் நினைவுகொள்ளத்தக்கது.

அக்காலத்து விதியொன்று அவர்கட்கு வாய்ப்பாயிற்று. 1992ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் தொடக்கம், முதற் பதினைந்து ஓவர்களிலும் உள்வட்டத்திற்கு வெளியே இரு களத்தடுப்பாளரே நிற்கலாம் என்பது நடைமுறையாயிற்று. எனினும் பெரும்பாலான அணிகள் தொடக்கத்தில் விக்கெற்றுகளைக் காத்து, முடிவில் அடித்தாடும் பழைய முறையையே பின்பற்றின. புறனடைகளும் இருந்தன. சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், இவ்விதிக்கு முன்னரே, 1983ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அடித்தாடி இந்திய அணியின் அதிகூடிய ஓட்டங்களாகிய 38ஐப் பெற்றார். 1992இல் நியூசிலாந்தின் மார்க் கிரேற்பாச் இவ்விதியை நன்கு பயன்படுத்தினார். ஆயின் தொடக்க ஆட்டக்காரர் இருவரையுமே அடித்தாட விடுத்து, அதனை அணியின் நிலையான கொள்கையாக்கியது இலங்கையே.

அதற்குத் தெரிவுசெய்யப்பட்டோர் எவர் என்பதிலேதான் நுட்பம் அமைந்துள்ளது. ஒருவர் மாத்தறையைச் சேர்ந்த சனத் ஜயசூரிய. மற்றவர் இரத்மலானைக்கு அயலூராகிய மொறட்டுவையிற் புனித செபஸ்தியார் கல்லூரியிற் பயின்ற ரொமேஷ் களுவிதாரண. ஜயசூரிய தம் தொடக்ககாலத்திற் பந்துவீச்சுக்காகப் பெரிதும் மதிக்கப்பட்டு, துடுப்பாட்ட வரிசையிற் கீழே நின்றவர். களுவிதாரண விக்கெற் காப்பாளர். அவரும் வரிசையிற் பின்னே நின்று, 1996 சனவரியில் அவுஸ்திரேலியாவில் நடந்த முக்கோணத் தொடரிலேயே தொடக்க ஆட்டக்காரராக உயர்த்தப்பட்டார். இருவர்க்கும் அணியில் வேறு கடமை உண்டு. அவர்கள் விரைவில் ஆட்டமிழப்பினும் அணி இழப்பது சிறிது. நிலைத்து நிற்பின் பெறுவது பெரிது. அவர்கட்குப் பின்னே அசங்க குருசிங்க, அரவிந்த டி சில்வா, ரணதுங்க, ஹஷான் திலகரத்ன, ரொஷான் மஹாநாம என்னும் ஐவரும் வரிசையாய் நின்றனர். முன்னிருவரின் துணிவுக்குப் பின்னைவரின் நிதானமே பிணையாயிற்று.

இனி, துணிவுக்கும் காப்புக்கும் இடையே அணி தடுமாறக்கூடிய நிலையொன்று அதே காலத்தில் நேர்ந்தது. 1995 டிசெம்பர் 26இல் மெல்போர்ண் நகரில், முத்தையா முரளீதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை அறிவித்தார். 1996 சனவரியிற் பிறிஸ்பேன் நகரிலும் அவருக்கு அத்தகைய நிலையே ஏற்பட்டது. கண்டியைச் சேர்ந்த அத்தமிழிளைஞரின் முழங்கை பிறவியிலேயே முற்றாக நிமிராத அமைப்புடையது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் மாணவராயிருந்தபோது மிதவேகப் பந்தை விடுத்துச் சுழற்பந்துக்கு மாறியவர் அவர். பிறர் குறையென்று சுட்டியதே, மணிக்கட்டின் வளைவோடு சேர்ந்து, ஒப்பற்ற சுழற்சியைத் தந்தது. உலகக் கிண்ணத்திற்குச் சில கிழமைகளே எஞ்சியிருந்தன. காப்பின் நெறியை மட்டும் நோக்குவார் அவரை விலக்கியிருப்பர். நடுவர் மீண்டும் தடுப்பின் ஆட்டமே குலையுமன்றோ? ரணதுங்க அவரை விலக்கவில்லை. தன் தலையாய ஆயுதத்தை ஐயத்தின் பொருட்டு உறையிலிடுவது காப்பன்று, இழப்பே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நாட்டின் நிலையும் அந்நாளிற் கொடியதாயிருந்தது. 1996 சனவரி 31இற் கொழும்பு மத்திய வங்கிக் கட்டடம் குண்டுவெடிப்பால் தகர்ந்து, ஏறத்தாழத் தொண்ணூறு பேர் உயிரிழந்தனர். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. இந்திய, பாகிஸ்தானிய வீரர்கள் ஒன்றுசேர்ந்த அணியொன்று பெப்ரவரி 13இற் கொழும்பில் ஆடி நல்லெண்ணத்தை வெளிப்படுத்தியது. போர் இனங்களைப் பிரித்துவைத்த அவ்வேளையில், சிங்களவரும் தமிழரும் ஓரணியாய் நின்று களம் புகுந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழருக்கு முரளீதரனின் ஒவ்வொரு ஓவரும் வெறும் ஆட்டமாகத் தோன்றியிருத்தல் இயலாது.

போட்டி தொடங்கியது. மார்ச் 2இல் டெல்லியில் இந்தியா 3 விக்கெற்றுகளுக்கு 271 ஓட்டங்கள் பெற்றது. சச்சின் டெண்டுல்கர் 137 ஓட்டங்கள் எடுத்தார். இலங்கையர் முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் குவித்தனர். அனுபவம் மிக்க மிதவேகப் பந்துவீச்சாளராகிய மனோஜ் பிரபாகர் அத்தாக்குதலாற் கலங்கி, தம் வழமையான வீச்சைக் கைவிட்டுச் சுழற்பந்து வீசினார். நான்கு ஓவர்களில் 47 ஓட்டங்களைக் கொடுத்த அவர்க்கு அதுவே இறுதிச் சர்வதேச ஒருநாள் ஆட்டமாயிற்று. அச்சத்தினால் தன் வலியை விடுத்துத் தனக்குரியதல்லாத ஒன்றைப் பற்றுவோர்க்கு நேர்வது யாதென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 48.4 ஓவர்களில் இலங்கை 6 விக்கெற்றுகளால் வென்றது. மார்ச் 6இற் கண்டியிற் கென்யாவுக்கெதிராகப் பெற்ற 5 விக்கெற்றுகளுக்கு 398 ஓட்டங்கள், அந்நாள்வரை ஒருநாள் ஆட்டத்தில் எவ்வணியும் பெறாத தொகையாகும். மார்ச் 9இற் பைசலாபாத்தில் இங்கிலாந்துக்கெதிரான காலிறுதியில் ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் பெற்றார்.

இதுவரை துணிவின் வெற்றியே கண்களுக்குப் புலப்பட்டது. காப்பின் பெருமை அரையிறுதியில் வெளிப்பட்டது. மார்ச் 13இற் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற இந்திய அணித்தலைவர் அசாருதீன், இலங்கையை முதலில் துடுப்பெடுத்தாடப் பணித்தார். டெல்லியிற் கண்ட துரத்தலின் அச்சமே அம்முடிவுக்குக் காரணமெனக் கருதுவர். தன் வலியை நோக்கி முடிவுசெய்யாது மாற்றானின் வலியை அஞ்சி முடிவுசெய்தமை அங்கே காணப்படுகின்றது. முதற்கண் அம்முடிவு சரியெனவே தோன்றியது. ஜவகல் ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே களுவிதாரண ஓட்டமெதுவுமின்றியும் ஜயசூரிய ஓர் ஓட்டத்துடனும் வெளியேறினர். உலகம் வியந்த துணிவு ஓர் ஓவரில் ஒழிந்தது. ஆயினும் அணி ஒழியவில்லை. அரவிந்த டி சில்வா 47 பந்துகளில் 66 ஓட்டங்களும், மஹாநாம 58 ஓட்டங்களும் பெற்றனர்; இலங்கை 8 விக்கெற்றுகளுக்கு 251 ஓட்டங்களை எட்டியது.

பின்னர் ஆடுகளம் பெயர்ந்து பந்து திரும்பலாயிற்று. ஒரு விக்கெற்றுக்கு 98 என்றிருந்த இந்தியா 8 விக்கெற்றுகளுக்கு 120 எனச் சரிந்தது. துடுப்பாட்டத்தில் ஓர் ஓட்டமே பெற்ற ஜயசூரிய, பந்துவீச்சில் 7 ஓவர்களில் 12 ஓட்டங்களுக்கு 3 விக்கெற்றுகளை வீழ்த்தினார். 65 ஓட்டங்களுடன் நின்ற டெண்டுல்கரை, ஜயசூரியவின் பந்தில் விக்கெற் காப்பாளராகிய களுவிதாரண இலக்கைத் தகர்த்து வெளியேற்றினார். துடுப்பாட்டத்தில் தவறிய இருவரும் பின்னர்க் கடன் தீர்த்தனர். பார்வையாளரின் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, ஆட்டத் தீர்ப்பாளர் கிளைவ் லொயிட் இலங்கைக்கு வெற்றியை வழங்கினார்.

மார்ச் 17இல் லாகூர் கடாபி மைதானத்தில் அவுஸ்திரேலியாவுடனான இறுதியாட்டம் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க அம்மரபைப் பொருட்படுத்தாது களத்தடுப்பைத் தெரிவுசெய்தார். துரத்துவதே தம் அணியின் வலி என்பதை அவர் அறிவார். இரவிற் பனி பெய்யின் ஈரப்பந்து மாற்றானின் சுழற்பந்து வீச்சுக்கு ஊறாகும் என்பதும் காலமறிந்தார் கருதத்தக்கதே. ஷேன் வோர்ண் அன்று 10 ஓவர்களில் 58 ஓட்டங்களைக் கொடுத்து விக்கெற் எதனையும் பெறவில்லை.

இறுதியாட்டத்தின் பந்துவீச்சுக் கணக்கே இக்கட்டுரையின் பொருளைச் சுருங்கக் கூறுவதாகும். இலங்கை வீசிய 50 ஓவர்களில் வாஸ் 6 ஓவர்களும் பிரமோதய விக்கிரமசிங்க 7 ஓவர்களும், ஆக 13 ஓவர்களே வேகப்பந்து வீச்சாளர் வீசினர். எஞ்சிய 37 ஓவர்களும் முரளீதரன், குமார் தர்மசேன, ஜயசூரிய, அரவிந்த டி சில்வா ஆகிய நால்வரின் சுழற்பந்தே. முரளீதரன் 10 ஓவர்களில் 31 ஓட்டங்களையே கொடுத்தார். ஒரு விக்கெற்றுக்கு 137 என வளர்ந்த அவுஸ்திரேலியா, 7 விக்கெற்றுகளுக்கு 241 என்ற அளவில் நின்றது. குறை நீக்கப்படவில்லை, அதற்கு வேலையே அளிக்கப்படவில்லை.

இலங்கை துரத்தத் தொடங்கியபோது ஜயசூரிய 9 ஓட்டங்களுடனும் களுவிதாரண 6 ஓட்டங்களுடனும் நீங்கினர். மீண்டும் துணிவு பொய்த்தது. மீண்டும் பின்னிருந்தோர் தாங்கினர். குருசிங்க 65 ஓட்டங்கள் பெற்றார். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களும், முன்னரே 42 ஓட்டங்களுக்கு 3 விக்கெற்றுகளும் பெற்றிருந்தார். ரணதுங்க 47 ஓட்டங்களுடன் இறுதிவரை நின்றார். 46.2 ஓவர்களில் 3 விக்கெற்றுகளுக்கு 245 ஓட்டங்கள் பெற்று இலங்கை கிண்ணத்தை வென்றது.

தொடக்க இருவரின் அதிரடியே கிண்ணத்தை ஈட்டியது என்பது பரவலான கருத்து. ஓட்டக்கணக்கு அதனை முழுதும் ஏற்கவில்லை. களுவிதாரண ஆறு இனிங்ஸ்களில் பெற்றவை மொத்தம் 73 ஓட்டங்கள். அவற்றுள் நான்கில் அவர் பத்தையும் எட்டவில்லை. போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்ட ஜயசூரியவின் ஓட்டங்கள் 221. அரவிந்த டி சில்வாவின் ஓட்டங்களோ 448. எனவே அதிரடி மாற்றாரை அச்சுறுத்தி அவர்தம் ஒழுங்கைக் குலைத்தது. பின்வரிசையின் உறுதி வெற்றியை முடித்துவைத்தது. காப்பு இருந்தமையாற்றான் துணிவு இயன்றது. துணிவு இருந்தமையாற்றான் காப்புக்குப் பயன் உண்டாயிற்று.

இக்கொள்கையின் மற்றொரு வடிவம் 1998 ஓகஸ்ற் மாதம் இலண்டன் ஓவலிற் காணப்பட்டது. துடுப்பாட்டத்திற்கு உகந்த களத்தில் ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். இடையே இலங்கை நெடுநேரம் ஆடுமாயின், முரளீதரன் இளைப்பாறி, களம் தேய்ந்தபின் மீண்டும் வீசலாம் என்பதே அவர் எண்ணம். இங்கிலாந்து 445 ஓட்டங்கள் பெற்றது. இலங்கை, ஜயசூரியவின் 213 உட்பட 591 பெற்றது. இரண்டாம் முறை இங்கிலாந்து 181 ஓட்டங்களுக்குச் சுருண்டது. முரளீதரன் அவ்வாட்டத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெற்றுகளை வீழ்த்தினார். ஒரு பெருவலியைச் சுற்றி ஐந்து நாளின் ஒழுங்கும் அமைக்கப்பட்டது.

ஆயினும் வலியைப் போற்றுவோர் மறக்கலாகாத மறுபக்கமும் உண்டு. 1999ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் இங்கிலாந்திலே மே மாதக் குளிரில் நடைபெற்றது. பந்து காற்றில் வளைந்து, களத்தில் விலகிச் சென்றது. இங்கிலாந்திடமும் தென்னாபிரிக்காவிடமும் இலங்கை தோற்றது. மே 26இற் ரோண்ரன் நகரில் சௌரவ் கங்குலி 183 ஓட்டங்களும் ராகுல் திராவிட் 145 ஓட்டங்களும் பெற, இந்தியா 6 விக்கெற்றுகளுக்கு 373 ஓட்டங்கள் குவித்து 157 ஓட்டங்களால் வென்றது. நடப்புச் சம்பியன்கள் முதற் சுற்றுடனேயே வெளியேறினர். அணித்தலைமையும் ரணதுங்கவிடமிருந்து ஜயசூரியவிடம் சென்றது. அணியின் வலி அறியப்பட்டதே. காலமும் இடமும் மாறியமை போதியவளவு அறியப்படவில்லை. முன்பு மறைந்திருந்த குறை, மறைக்க இயலாத இடத்தில் வெளிப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கின் பெறப்படும் முடிபு தெளிவானது. எல்லாக் குறைகளையும் திருத்த முயல்வார், எதிலும் சிறவாத நடுத்தர நிலையை எய்துவர். வலியொன்றையே நம்புவார், அவ்வலி செல்லாத களத்தில் வெறுங்கையராவர். தன் வலியை ஆட்டத்தின் நடுவில் வைத்து, அது தவறுங்காற் தாங்குவாரைப் பின்னே நிறுத்தி, குறை வெளிப்படாத காலத்தையும் இடத்தையும் தேர்பவரே வெல்வர். இயலுமாயின் அவ்விடமும் காலமும் மாறுதற்கு முன்னரே குறையைச் சிறிது சிறிதாக நீக்கிக்கொள்வது அறிவுடைமை.

1996இல் ஐயத்திற்கு அஞ்சி விலக்கப்படாத முரளீதரன், 2010 யூலை 22இற் காலியில் தம் எண்ணூறாவது ரெஸ்ற் விக்கெற்றைப் பெற்று, அவ்வாட்டத்துடன் ரெஸ்ற் களத்தினின்றும் ஓய்வுபெற்றார். குறையென்று பிறர் சுட்டுவதனைத் தன் வலியெனக் கண்டுகொள்ளும் தெளிவும், அவ்வாறு கண்டவனைக் கைவிடாத துணையும் ஒருங்கே அமையுமிடத்து எத்தகைய பயன் விளையும் என்பதற்கு அவ்வெண் சான்றாக நிற்கின்றது. களத்திற்கு மட்டுமன்றி, கல்விக்கும் வாழ்வுக்கும் இளைஞர் கைக்கொள்ளத்தக்க பாடமும் இதுவேயாகும்.